முதுகுக்கு வசனம்

டயமண்ட் ஹில், ஹாங்காங்
28 செப்டம்பர் 1971

ஹோய்,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

காலையில் எழுந்து பார்த்தேன். மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது. கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தால் கருவாடு, முட்டை, எல்லாம் வைத்தது வைத்தபடி. என் மேல்தான் கோபம், சோறு என்ன செய்தது உன்னை? கீழ்வீட்டுப் பூனைக்குப் போட்டேன். அது சாப்பிட்டது.

முந்தின நாள் மாலை நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இந்தப் படத்துக்குப் போனா, திரும்பி இந்த வாசலுக்கு வராதே" என்றேன். உன் முழங்காலை எலும்பு வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாரே, அதைப் பார்த்தவள் நான். நாற்பது வயதில் கூரையிலிருந்து குதிப்பேன் என்று நிற்பவனிடம் வேறு என்ன சொல்வது? ஆறு வருஷமாகக் கதாநாயகி மிஸ் யிப்புக்கு நீ உடம்பு, நான் குரல். அவளுக்குச் சொந்தமாக இருப்பது முகம் மட்டும். அவள் காலில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. கொப்புளமெல்லாம் நம் வீட்டில்தான் இருக்கிறது.

இந்தப் படம் சீனப் புத்தாண்டுக்கு வெளியாக வேண்டுமாம். அதனால் அங்கே எடுக்க எடுக்க ரீல் இங்கே வந்துவிடும், வர வர டப்பிங் பேச வேண்டும் என்று டப்பிங் நடத்தும் டிங் ஐயா சொல்லிவிட்டார். ஆகவே நீ எழுதாவிட்டாலும் உன் முதுகை நான் வாரம் ஒருமுறை பார்த்துவிடுவேன். எழுதினால் எழுது.

புயலில் தகரம் போன இடத்தில் கூரை இன்னும் ஒழுகுகிறது.

ருய்சின்


தைச்சுங் மலைப்பக்கம், தைவான்
7 அக்டோபர் 1971

அன்புள்ள ருய்சினுக்கு,

கோபத்திலும் நாலு பக்கம் எழுதுகிறவள் என் பெண்டாட்டி ஒருத்திதான். படித்துச் சிரித்தேன். சிரித்ததற்காகத் தனியாகத் திட்டாதே, மொத்தமாக வைத்துக்கொள்.

தகரத்துக்கு வீட்டுக்காரம்மாவைப் பிடி. "புயல் என்ன நானா அனுப்பினேன்?" என்பாள். விடாதே.

இங்கே மூங்கில் காடு, பனி, கொசு. முதல் நாள் பன்றி வறுத்து ஊதுபத்தி ஏற்றிப் பூஜை போட்டார்கள். சண்டை மாஸ்டர் காவ் எல்லாத் திசைக்கும் கும்பிட்டார். எனக்கு மட்டும் எந்தத் திசை என்று தெரியாமல் அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தேன்.

நேற்று நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியாது. கதையில் மிஸ் யிப் அப்பாவைக் கொன்ற வெள்ளைத்தாடிக் கிழவனைத் தேடிப் போகிறாள் இல்லையா, வழியில் ஒரு சத்திரத்துக்குள் ஆம்பளை வேஷத்தில் நுழைகிறாள். உள்ளே இருபது முரடர்கள். இடுப்பைப் பார்த்தாலே பொம்பளை என்று தெரியும், ஆனால் ஒருத்தனுக்கும் தெரியாது. அது நம் சினிமா வழக்கம். முகம் தெரியும் இடத்தில் அவள். நடந்து, பெஞ்சைத் தாண்டி, மேஜை மேல் ஏறுவது நான். நான் நடந்தேன். காவ் மாஸ்டர் கத்தினார்.

"நிறுத்துடா! இப்போ நீ யாரு?"

"டூப்பு, மாஸ்டர்."

"அது எனக்குத் தெரியாதா? பொம்பளையா, ஆம்பளையா?"

"ஆம்பளை வேஷம் போட்ட பொம்பளை, மாஸ்டர்."

"அப்புறம் ஏன்டா ஆம்பளை மாதிரி நடக்கிறே?"

"ஆம்பளை வேஷம்தானே மாஸ்டர்?"

"ஆம்பளை மாதிரி நடக்கிற பொம்பளை மாதிரி நடடா, மண்டூ!"

ஒன்பது டேக். பத்தாவதில் எனக்கே நான் யார் என்று குழம்பிப்போய் நின்றேன். இடுப்பை ஆட்டினால் "ஆட்டாதே" என்கிறார், ஆட்டாவிட்டால் "கட்டையாட்டம் போறே" என்கிறார். கடைசியில் ஒரு வழி தோன்றியது. மீன்காரனிடம் சண்டை போட்டுவிட்டுக் கூடையோடு நீ மேடேறி வருவாயே, அப்படி நடந்தேன். மாஸ்டர் கையைத் தட்டினார். மிஸ் யிப் வந்து, "அண்ணே, இந்த நடையை எனக்கும் சொல்லிக் கொடுங்க, முன்பக்க ஷாட்டுக்கு வேணும்" என்றாள். யாரிடம் கற்றேன் என்று சொல்லவில்லை.

முழங்கால் நன்றாக இருக்கிறது.

உன்
ஹோய்


டயமண்ட் ஹில்
16 அக்டோபர் 1971

அன்புள்ள ஹோய்க்கு,

சத்திரத்து ரீல் நேற்று வந்தது. உன் கடிதம் இன்று காலையில் வந்தது. முதலில் கடிதம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் பிடிக்காமல் இருந்திருக்கும்.

விளக்கு அணைந்து திரையில் படம் ஓடுகிறது. சத்திரக் கதவு திறக்கிறது. வருவது மிஸ் யிப் இல்லை, நீ. அது தெரிந்ததுதான். ஆனால் நடப்பது நீயும் இல்லை. யாரையோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் என் வசனத்தை விட்டுவிட்டேன். டிங் ஐயா கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். இரண்டாவது முறையும் விட்டுவிட்டேன். மூன்றாவது முறைதான் உறைத்தது. அட பாவி, அது நான்!

நான் அப்படியா நடக்கிறேன்? உண்மையைச் சொல். தோளை அப்படியா தூக்குகிறேன்? இத்தனை நாள் தெருவில் ஒருத்தரும் சொல்லவில்லையே.

இதைக் கேள். அந்த இடத்தில் நான் பேச வேண்டியது ஆம்பளைக் குரலில் பேசும் பொம்பளைக் குரல். "யாரங்கே, மது கொண்டு வா!" என்று பேசினேன். டிங் ஐயா, "அம்மா, இது கல்யாண வீட்டிலே தண்ணி கேக்குற மாதிரி இருக்கு" என்றார். தொண்டையை அமுக்கிப் பேசினேன். "சளி பிடிச்ச பொம்பளை" என்றார். எரிச்சல் வந்து, நீ வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் "டீ எங்கே?" என்பாயே, அந்தக் குரலில் பேசினேன். முதல் தடவையிலேயே சரி என்றார். நீ வீட்டில் பேசுவது கான்டனீஸ், நான் பேச வேண்டியது மாண்டரின். இருந்தாலும் அதட்டல் அதே அதட்டல்தான்.

ஆகக்கூடி, நடப்பது நான், ஆனால் நீ. பேசுவது நீ, ஆனால் நான். நடுவில் ஒரு முகம், அதற்குத்தான் சுவரொட்டி. சாப்பிடும்போது இதை யோசித்துப் புரை ஏறிவிட்டது.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முழங்காலைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ருய்சின்


தைச்சுங் மலைப்பக்கம்
25 அக்டோபர் 1971

அன்புள்ள ருய்சினுக்கு,

ஆமாம், அப்படித்தான் நடக்கிறாய். எனக்குப் பிடிக்கும்.

இந்த வாரம் இரண்டு வேலை. ஒன்று, கதவு ஷாட். பழி வாங்கப் புறப்படும் முன் மிஸ் யிப் தன் புருஷன் தூங்கும் அறை வாசலில் நிற்கிறாள். தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறாள். இதில் குதிப்பதும் இல்லை, சண்டையும் இல்லை, வெறுமனே நிற்பதுதான். இதற்கும் நானா என்றேன். "அம்மணிக்கு இன்னிக்கு வயித்துவலி. முதுகுதானே, நீ நில்லு. மூணு எண்ணு, திரும்பு, போ" என்றார் டைரக்டர். நின்றேன். ஒரே டேக்கில் முடிந்தது.

இரண்டாவது, சவப்பெட்டி. எதிரியின் கோட்டைக்குள் போக அவள் செத்ததுபோல நடிக்கிறாள். மிஸ் யிப் பெட்டியைப் பார்த்ததும், "ஐயோ, நான் படுக்க மாட்டேன், எங்கம்மா கொன்னுடுவாங்க" என்று ஓடிவிட்டாள். படுத்தது நான்தான். துணியை முகத்தின் மேல் போட்டு மூடினார்கள். முடிந்ததும் வழக்கப்படி தோஷம் கழியப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுக்க வேண்டுமே, அங்கேதான் தகராறு. மேனேஜர் சொல்கிறார், செத்தது கதாநாயகி, உறை மிஸ் யிப்புக்கு என்று. காவ் மாஸ்டர் சொல்கிறார், படுத்தவனுக்குத்தான் தோஷம், அவனுக்குக் கொடு என்று. ஒரு துணை நடிகர், "கதைப்படி அவ சாகவே இல்லையே, நடிக்கத்தானே செய்யறா, ஒருத்தருக்கும் வேண்டாம்" என்றார். அரைமணி நேரம் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். செத்தது யார் என்று முடிவாகாமல் நான் எழுந்திருக்கக் கூடாதாம்.

கடைசியில் எனக்கே கொடுத்தார்கள். என் துணிப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இறங்கிப் போகும்போது ஊரில் உனக்கு ஏதாவது வாங்க வேண்டும். கம்பளிக் கையுறை பார்த்தேன், நீல நிறம்.

உன்
ஹோய்


டயமண்ட் ஹில்
2 நவம்பர் 1971

ஹோய்,

உனக்கு மூளை இருக்கிறதா? சவப்பெட்டி உறையை யாராவது பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா? அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், செலவழித்துவிட வேண்டும். மிட்டாய் வாங்கித் தின்று தொலைக்க வேண்டும். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்து இதுகூடவா தெரியாது? கடை இல்லை என்றால் அங்கே இருக்கிற சமையல்காரனிடம் ஒரு முட்டையாவது வாங்கியிருக்கலாம். இந்தக் கடிதம் கிடைத்த உடனே செலவழி. எனக்குக் கையுறை வேண்டாம். அந்தப் பணத்தில் எனக்கு ஒரு நூல்கூட வேண்டாம்.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் செலவழி.

கதவு ஷாட் வந்துவிட்டது. டைரக்டர் மூன்று எண்ணச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வேலையே எண்ணுவதுதான், எத்தனை நொடிக்கு எத்தனை சொல் என்று. நான் எண்ணினேன். பதினொன்று. சந்தேகம் வந்து மறுபடி ஓட்டச் சொல்லி எண்ணினேன். பதினொன்றுதான். கை ஒருமுறை கதவுக்குப் போகிறது, தொடாமல் கீழே வருகிறது. அது டைரக்டர் சொன்னதா? மீதி எட்டு எண்ணிக்கையில் அந்த வாசலில் என்ன செய்துகொண்டிருந்தாய்?

எனக்குப் புரியவில்லை. நின்றது அவளா, நீயா? நீ போன அன்று காலை நம் அறை வாசலிலும் நின்றாயா? நான் தூங்கவில்லை, ஹோய். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கேட்கவில்லை என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்கலாம்.

டிங் ஐயாவுக்கு அந்த ஷாட்டில் வேறு கவலை. இவ்வளவு நீளம் பேச்சில்லாமல் போனால் தியேட்டரில் விசில் அடிப்பார்களாம். அங்கே ஒரு வசனம் வேண்டும் என்கிறார். எழுத்தாளர் ஏதோ எழுதித் தருவாராம். முதுகுதான் தெரிகிறது, வாய் அசைவுக்குப் பொருத்த வேண்டியதில்லை, எதையும் பேசலாம்.

குளிர்காலச் சங்கிராந்திக்கு, அதுதான் டிசம்பர் இருபத்திரண்டு, மாவுருண்டை செய்யலாமா என்று யோசிக்கிறேன். ஒருத்திக்காக யாரும் மாவு பிசைய மாட்டார்கள். வருவாயா, மாட்டாயா என்று ஒரு வரி எழுது.

ருய்சின்


தைவான்
13 நவம்பர் 1971

அன்புள்ள ருய்சினுக்கு,

நலம். எல்லாம் நலம். பென்சிலில் எழுதுகிறேன் என்று யோசிக்காதே, மலையில் மை கிடைக்கவில்லை.

கோயில் கூரைச் சண்டை தொடங்கிவிட்டது. பதினாலு தடவை குதித்தேன் என்றால் நம்புவாயா? காவ் மாஸ்டர் முதுகில் தட்டி, "உனக்கு வயசே ஆகலைடா" என்றார். சாப்பாடு நன்றாக இருக்கிறது. இஞ்சி போட்ட சூப் தினமும் தருகிறார்கள்.

சங்கிராந்திக்கு வர முடியாது போலிருக்கிறது. படம் இழுத்துக்கொண்டே போகிறது. அதற்குப் பிறகும் இங்கேயே வேறு ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். போகலாமா என்று பார்க்கிறேன். நீ சொன்னபடி வாசலுக்கு வராமல் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். விளையாட்டுக்குச் சொன்னேன்.

எண்ணிக்கை எல்லாம் எனக்குத் தெரியாது. டைரக்டர் மூன்று என்றார், என் கணக்கு எப்போதும் மோசம்.

உறையைப் பற்றி எழுதியிருந்தாய். சரி.

ஹோய்


டயமண்ட் ஹில்
26 நவம்பர் 1971

ஹோய்,

கோயில் கூரை ரீல் வந்தது. மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குதிப்பது நீ இல்லை.

அதே உடை, அதே விக், இடுப்பில் அதே பச்சைக் கச்சை. ஆனால் குதித்ததும் இடதுகாலில் இறங்குகிறான். நீ பத்து வருஷமாக இடதுகாலில் இறங்கியதில்லை. கூரை ஓட்டின் மேல் நடக்கும்போது இடுப்பை வெட்டுகிறான், மேடை நாட்டியக்காரியைப் போல. அந்த நடையில் நான் இல்லை. சத்திரத்தில் நடந்தவள் எங்கே போனாள்?

டிங் ஐயாவிடம் கேட்டேன். "யாரா இருந்தா என்னம்மா, உங்க பேச்சு சரியா விழுந்தா போதும்" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பொய் சொல்ல வேண்டியிருந்தால் கண்ணாடியைத் துடைப்பார்.

கையெழுத்து உன்னுடையது. முதுகு உன்னுடையது இல்லை. இதில் எதை நான் நம்புவது? நீ வேறு கம்பெனிக்கு ஏற்கெனவே போய்விட்டாயா? அப்படியானால் பதினாலு தடவை குதித்தேன் என்று ஏன் எழுதினாய்? இல்லை, அங்கே உனக்கு இஞ்சி சூப் வைத்துத் தருகிறவள் யாராவது வந்துவிட்டாளா? அப்படியானால் அதையாவது மையில் எழுது. பென்சிலில் எழுதினால் அழித்துவிடலாம் என்று தோன்றுகிறது எனக்கு.

நேற்று கூரைச் சண்டைக்குப் பேசினேன். ஹா, ஹூ, "அப்பாவின் இரத்தத்துக்குப் பதில் சொல்!" எல்லாம் பேசினேன். யாரோ ஒருத்தன் குதிக்க, நான் கத்தினேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கூச்சமாக இருந்தது.

பதில் போடு. உண்மையைப் போடு.

ருய்சின்


தைவான்
6 டிசம்பர் 1971

அன்புள்ள ருய்சினுக்கு,

நீ வீணாகக் குழம்பிக்கொள்கிறாய். புதுச் செருப்பு, அதனால் கால் மாறி விழுந்திருக்கும். நடையும் அப்படித்தான். ஆ-சாய் என்று ஒருத்தனும் ஒன்றிரண்டு ஷாட்டில் குதித்தான், அதைப் பார்த்திருப்பாய். சூப் தருகிறவளுக்கு அறுபது வயது, மீசை இருக்கிறது.

குளிருக்குப் போர்வையை எடுத்து வெயிலில் போடு.

ஹோய்


டயமண்ட் ஹில்
16 டிசம்பர் 1971

அன்புள்ள ஹோய்க்கு,

புதுச் செருப்பு. சரி.

நான் மூன்று நாள் கோபமாக இருந்தேன், இரண்டு நாள் அழுதேன், இன்று எதுவும் இல்லாமல் இருக்கிறேன். உன் கடிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்க்கிறேன். மையில் எழுதியவன் என் புருஷன், அவனுக்கு வாய் ஓயாது. பென்சிலில் எழுதுகிறவன் யாரோ. "எல்லாம் நலம்" என்று நீ எழுதுகிற ஆளே இல்லை. பல்வலி வந்தாலும் ஊரைக் கூட்டுகிறவன் நீ.

அடிபட்டிருக்கிறதோ என்று நினைக்கிறேன். அப்படி நினைத்த உடனே, அடிபட்டவன் என்னிடம் சொல்ல மாட்டானா என்று தோன்றுகிறது. அப்புறம் நான் சொன்ன வார்த்தை ஞாபகம் வருகிறது. அப்புறம் இன்னொருத்தி என்றும் தோன்றுகிறது, அப்படித் தோன்றும்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கிறது, அதாவது நீ முழுசாக இருக்கிறாய் என்று. பார், என் புத்தி எங்கே போய் நிற்கிறது.

அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயிற்று. எழுதினால் பொய்போல இருக்கிறது, யாரோ எழுதித் தந்ததைப் படிக்கிற மாதிரி. இத்தனை வருஷம் மற்றவர் வசனத்தையே பேசிப் பேசி எனக்கென்று ஒன்று எழுத வரவில்லை.

நாளைக்குக் கதவு ஷாட்டுக்குப் பேச வேண்டும். எழுத்தாளரின் வசனம் வந்துவிட்டது. "பழி முடித்தால் இப்பிறவியில் உம் மனைவி, மாய்ந்தால் மறுபிறவியில் உம் அடிமை." இதைப் படித்ததும் டிங் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பதினோரு நொடிம்மா, ஏதாவது சொல்லுங்க, முதுகுதானே" என்றார்.

மாவுருண்டை செய்யப் போவதில்லை.

ருய்சின்


தைச்சுங்
21 பிப்ரவரி 1972

அன்புள்ள ருய்சினுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. மன்னித்துவிடு என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடும். மையில் எழுதுகிறேன், பார்த்தாயா? உட்கார்ந்துவிட்டேன். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. அதனால்தான் பென்சில்.

நவம்பர் ஏழாம் தேதி, கோயில் கூரை, முதல் டேக். குதிக்கவே இல்லை, அதுதான் கேவலம். ஏறும்போது ஓடு வழுக்கியது. இடதுதொடை இரண்டு இடத்தில் உடைந்தது. விக் மட்டும் கூரையிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. மூங்கில் கட்டிலில் வைத்துக் கீழே தூக்கி வந்தார்கள். மறுநாள் உன் கடிதம் வந்தது, உறையை உடனே செலவழி என்று. ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கொடுத்துப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் ஆரஞ்சு வாங்கச் சொன்னேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. கையுறை வாங்கவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று காவ் மாஸ்டரிடமும் டிங் ஐயாவிடமும் கெஞ்சியது நான்தான். அவர்களைத் திட்டாதே. இடதுகால் இப்போது இரண்டு விரல்கடை குட்டையாக இருக்கிறது. தடியோடு நடக்கிறேன். நம் படங்களில் கையோ காலோ போனவன் மலைக்குகைக்குள் போய் மூன்று வருஷம் புதுச் சண்டை கற்று வெளியே வருவான். நான் மூன்று மாதம் படுத்திருந்து கற்றது, மல்லாந்து சூப் குடிப்பது. நீ சொன்னது அப்படியே நடந்திருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் எப்படி வந்து நிற்பது? வராதே என்றும் சொல்லியிருந்தாய். அதனால் வேறு கம்பெனி, புதுச் செருப்பு என்று கண்டதையும் எழுதினேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

நேற்று இங்கே தியேட்டரில் படம் போட்டார்கள். தடியை ஊன்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு குண்டம்மா, பூசணிவிதை கொறித்துக்கொண்டு. சத்திரத்தில் நீ நடந்தாய், நான் அதட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் கதவு ஷாட் வந்தது. என் முதுகு நிற்கிறது. நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்று, நான்கு. ஏழில் உன் குரல் வந்தது.

"சோத்தை மூடி வை. நான் வர நேரமாகும்."

ருய்சின், அன்றைக்கு அந்தப் பொய்க் கதவுக்கு முன்னால் அவ்வளவு நேரம் எதற்கு நின்றேன் என்று எனக்குத் தெரியாது. நீ கேட்டபோதும் தெரியவில்லை. வீட்டில் நம் அறை வாசலில் நின்றபோதும் தெரியவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது, உன்னை எழுப்பினால் மறுபடி சண்டை வரும் என்றும் இருந்தது. அங்கே டைரக்டர் திரும்பு என்று கத்தியதும் காதில் விழவில்லை. நான் சொல்ல நினைத்தது அதுதான் என்று நேற்று என் முதுகிலிருந்து உன் குரலில் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

குண்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமப் போறா பாரேன்" என்றாள்.

"அம்மா, அது நான்தாம்மா. அந்த முதுகு என்னோடது" என்றேன்.

"போய்யா கிறுக்கா. அது பொம்பளை" என்று சொல்லிவிட்டு ஒரு கை பூசணிவிதை கொடுத்தாள்.

கத்திச் சத்தத்துக்கு இரும்பு தட்டவும் காலடிச் சத்தத்துக்குப் பலகை தட்டவும் ஆள் வேண்டுமா என்று டிங் ஐயாவிடம் கேட்டுப் பார். உட்கார்ந்து செய்கிற வேலைதானே. கூரைத் தகரம் மட்டும் இனி என்னால் ஏறி மாற்ற முடியாது, வீட்டுக்காரம்மாவை விடாதே.

மார்ச் ஐந்தாம் தேதி கீலுங்கில் கப்பல் ஏறுகிறேன். ஏழாம் தேதி மாலை வந்து சேரும் என்கிறார்கள். துறைமுகத்துக்கு நீ வர வேண்டாம், கூட்டமாக இருக்கும். மேடேறி வர எனக்கு இப்போது நேரமாகும். சோற்றை மூடி வை.

உன்
ஹோய்